முப்பது நாள் அக்கா

எங்கள் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக்கூட அக்கா கெடு வைத்திருந்தார். பதினைந்து நாள். அதற்குள் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்துவிட வேண்டும். பதினாறாம் நாள் பேசினால் செல்லாது, சண்டை நிரந்தரமாகிவிடும். "அப்பறம் அப்பீல் கெடையாது, சொல்லிப்புட்டேன்" என்று என்னையும் எங்கள் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்துச் சொல்வார். பதினாலு நாளும் எங்களுக்கு வீம்பு குறையாது. பதினைந்தாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து உப்பு டப்பா எங்கே என்று கேட்பார். உப்பு டப்பா அவர் மூக்குக்கு நேராகத்தான் இருக்கும்.

யாங்கூனில் தின்கன்ஜூன் பக்கம், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார் அக்கா. அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, நெற்றியில் குங்குமம், இடுப்பில் பர்மா லுங்கி, கொண்டையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேனா. பர்மியர்கள் அவரை 'சயாமா' என்பார்கள், டீச்சரம்மா மாதிரி. அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. எங்களுக்கு வெறும் அக்கா. பேரை நான் எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாலும் வந்து என் காதைத் திருகுவார்.

அவருடைய வேலை என்னவென்றால், மற்றவர்களுக்கு வந்த வரிக் கடிதத்தைப் படித்துச் சொல்வதும் அதற்குப் பதில் எழுதிக் கொடுப்பதும்தான். தொண்ணூறுகளில் விற்ற சரக்கின் மேல் வியாபார வரி என்று ஒன்று வந்தபோது எங்கள் தமிழ் ஆட்கள் திண்டாடிப் போனார்கள். கடைத்தெருவில் நாள் முழுக்கப் பர்மியம் பேசுவோம், பேரம் பேசுவோம், திட்டக்கூடச் செய்வோம். ஆனால் ஆபீஸ் பர்மியம் வேறு. ஒரு வாக்கியம் முடிவதற்குள் நமக்குத் தலை சுற்றிவிடும். அதனால் பழுப்புக் கவர் வந்தால் எல்லோரும் அக்கா வீட்டுக்கு ஓடுவார்கள். "எவ்வளவு போட்டிருக்கான் பாருங்க அக்கா" என்று ஒரு துணிக்கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா அந்தத் தொகையைப் பார்க்கவே இல்லை.

"எப்ப வந்துச்சு?" என்றார்.

அதுதான் அவருடைய முதல் கேள்வி. எப்போதும். வரி அநியாயமாக இருந்தால் மேலதிகாரியிடம் அப்பீல் போடலாம், ஆனால் கடிதம் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் போட வேண்டும். தப்பினால் அநியாயமே சட்டமாகிவிடும். அதனால் அக்கா கணக்கைப் பிறகு பார்ப்பார், முதலில் நாளை எண்ணுவார். எண்ணுவதற்கு முன்னால் மடியில் ஒரு தட்டுத் தட்டுவார். "இது வாங்கின நாளு. இது சேராது" என்பார். பிறகுதான் விரலைத் தொடுவார். விரலுக்கு மூன்று கணு, கைக்குப் பதினைந்து, இரண்டு கைக்கும் முப்பது. கடவுள் நமக்கு இரண்டு கை கொடுத்ததே அப்பீல் போடத்தான் என்பது அவருடைய கட்சி.

இந்தப் பழக்கம் ஆபீஸ் வாசலோடு நின்றிருந்தால் சரி. மனுஷி எல்லாவற்றுக்கும் கெடு வைப்பார். தையல்காரருக்கு ஏழு நாள். கடன் வாங்கிய இட்லித் தட்டுக்கு மூன்று நாள். மீன்காரி ஒருத்தி கெட்டுப்போன மீனைக் கொடுத்துவிட்டாள் என்று மறுநாள் நான் சண்டைக்குக் கிளம்பினேன். அக்கா என்னைத் தடுத்துவிட்டார். "மீனுக்கு அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடணும். நீ லேட்டுடி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் வீட்டுக்கு ஒரு வாரம் போகவில்லை. அதற்கும் ஏதோ கெடு வைத்திருந்தார் போல, எட்டாம் நாள் காலையில் மீன் சாற்றில் நூடுல்ஸ் போட்ட மோகிங்கா ஒரு சட்டியோடு வந்து நின்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா அறுபதுகளில் தம்பியோடு கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டவள். அவள் செத்த செய்தி எனக்குக் கடிதமாகத்தான் வந்தது. வந்து சேர்ந்தபோது அங்கே காரியமெல்லாம் முடிந்து இருபது நாளாகியிருந்தது. "பதினாறு தாண்டிப் போச்சு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வேலையப் பாரு" என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் அப்படியே செய்துவிட்டு, அழவும் தெரியாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அக்கா வந்தார். கடிதத்தை வாங்கி உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"முடிஞ்சு போச்சுன்னு யாரு சொன்னா? கைக்குக் கெடச்ச நாள்லேந்துதான் கணக்கு. ஒனக்கு இன்னும் பதினாறு நாள் முழுசா இருக்குடி. அழு."

அழுதேன். பதினாறு நாளும் அழுதேன். அந்த வார்த்தைக்காகவே அந்த மனுஷியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அவருடைய கல்யாணக் கதையைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். த்வாண்டேயில் இருந்து பானை சட்டி கொண்டுவந்து விற்கிற பர்மியர் ஒருவர், கோ சோ என்று பெயர், அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். "ஒங்க வீட்டுல கேட்டுட்டு ஒரு மாசத்துல வந்து பதில் சொல்லு" என்று அக்கா கெடு வைத்தார். கோ சோ வந்தது முப்பத்திரண்டாம் நாள். அக்கா கதவைத் திறக்கவில்லை. நாளாயிடுச்சு, போ என்றார். வேறு ஆளாக இருந்தால் அழுதிருப்பான், இல்லை ஆற்றைப் பார்க்கப் போயிருப்பான். கோ சோ நேராகக் கடைக்குப் போய் ஒரு தாள் வாங்கி மனு எழுதினார். கால்வாயில் படகு இயந்திரம் பழுதாகி இரண்டு நாள் நின்றுவிட்டது, தாமதம் என் குற்றம் அல்ல, மன்னித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அதோடு படகுக்காரரின் கையெழுத்தும் வாங்கி இணைத்திருந்தார். கதவுக்கு அடியில் தள்ளிய அந்த மனுவை அக்கா இரண்டு தரம் படித்துவிட்டுக் கதவைத் திறந்தார். "காரணம் நியாயமா இருந்துச்சு, அத்தாட்சியும் இருந்துச்சு. நான் என்ன செய்ய முடியும்?" என்பார். சொல்லும்போது முகம் சிவந்துவிடும். கோ சோ பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் புரியாதவர் போல வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் அப்பளம் போடுகிறவர்கள். உளுந்து மாவைப் பிசைந்து, இடித்து, உருட்டி, தேய்த்து, மொட்டைமாடியில் பாய் விரித்துக் காய வைப்போம். எங்களோடு நாலு பெண்கள் வேலை செய்தார்கள். முத்தம்மா என்று ஒரு விதவை, மா ஏ என்று ஒரு பர்மாப் பெண், கியாக்தானில் இருந்து வந்த அக்கா தங்கை இரண்டு பேர். நாலு பேர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது எங்கள் அப்பளத்தால்தான்.

பங்குனி கடைசியில், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், வரி ஆபீஸில் இருந்து ஓர் ஆள் வந்தார். கொளுத்துகிற வெயில். மாடியில் கால் வைக்க இடமில்லாமல் அப்பளம். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பாய்களை எண்ணினார், ஒரு பாயில் எத்தனை என்று எண்ணினார், டீ குடித்தார், போய்விட்டார். போனவர் அந்த ஒரு நாள் அப்பளத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கிவிட்டார். யாங்கூனில் வைகாசியில் பிடித்த மழை ஐப்பசி வரை விடாது, அத்தனை மாதமும் எங்கள் மாடியில் பாசிதான் காயும் என்பதை அவர் எண்ணவில்லை. அவர் போட்ட வரியைக் கட்டுவதென்றால் உரலையும் பாயையும் விற்றுவிட்டு நாலு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இது எங்களுக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கடிதம் வந்தது ஆடி இரண்டாம் தேதி. வார்டு ஆபீஸ் ஆள் மழையில் நனைந்துகொண்டு வந்து புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பிரிக்கவில்லை. "கவர்மெண்டுக் கடுதாசி. ஆடியில வம்பு வழக்குன்னு எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்" என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நானும்தான் தினமும் அதன் பக்கத்தில் விளக்கேற்றினேன். அக்காவிடம் சொன்னால் உடனே பிரி என்பார் என்று தெரியும், அதனால் சொல்லவும் இல்லை. பர்மாவில் பிறந்து, பர்மிய அரிசி தின்று, பர்மிய மழையில் நனைந்தும் எங்களுக்கு ஆடி மட்டும் தஞ்சாவூர் ஆடியாகவே இருந்தது.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் குளித்து, பூஜை செய்து, நல்ல நேரம் பார்த்து உறையைப் பிரித்தோம். தொகையைப் படிக்க ஆபீஸ் பர்மியம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

"எப்ப வந்துச்சு?" என்றார் அக்கா.

"ஆடி ரெண்டு" என்றார் எங்கள் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமல்.

அக்கா மடியில் ஒரு தட்டுத் தட்டினார். விரல்களைத் தொட்டுக்கொண்டே போனார். வலது கை முடிந்தது. இடது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று போய்ச் சுண்டு விரலின் நுனிக்கு வந்தபோது நிமிர்ந்தார்.

"இன்னிக்கு" என்றார். "இன்னிக்கு நாலரைக்கு ஆபீஸ் மூடறான்."

பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆடி மாசத்துக்கு வரி ஆபீஸ் லீவுன்னு ஒனக்கு யாரு தம்பி சொன்னா?" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. கொண்டையில் இருந்து பேனாவை உருவினார், கார்பன் தாளை வைத்தார், எழுத உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன், அவர் எழுதினார். எந்த மாதம் எத்தனை நாள் வெயில்? எந்த மாதம் மாவே பிசையவில்லை? மழை மாதத்தில் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? உளுந்து பொறுக்குவார்கள், மீந்த சரக்கைப் பொட்டலம் போடுவார்கள், பாதி நாள் சும்மா இருப்பார்கள். "அழறத அப்பறம் வெச்சுக்க, அதுக்குக் கெடு இல்ல. இப்ப மாசத்தச் சொல்லு" என்றார். ஏழு பக்கம். ஒரு அடித்தல் கிடையாது. கோ சோ பக்கத்தில் நின்று கார்பனை மாற்றி மாற்றி வைத்தார், நடுவில் எனக்கு டீயும் கொடுத்தார்.

ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ் வரவில்லை. டாக்சி பாதி வழியில் நின்றுவிட்டது. அக்கா மனுவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, லுங்கியைத் தூக்கிப் பிடித்து நடந்தார். நாங்கள் பின்னால். ஆபீஸுக்குள் போனபோது மணி நாலு பத்து.

கவுண்டரில் இருந்த பெண் தேதியைப் பார்த்துவிட்டு, "நேற்றோடு முடிந்துவிட்டதே சயாமா" என்றாள். அங்கே நடந்ததெல்லாம் பர்மியத்தில்தான். எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன். அக்கா நிதானமாக மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "இது வாங்கின நாள் மகளே, இது சேராது. நீயும் எண்ணு" என்றார். அவர் ஒரு விரலைத் தொட, அந்தப் பெண்ணும் ஒரு விரலைத் தொட்டாள். பக்கத்து மேஜைக் குமாஸ்தாவும் எண்ண ஆரம்பித்தார். அந்தப் பெண் இன்று என்றாள், குமாஸ்தா நேற்று என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. சத்தம் கேட்டு உள்ளே இருந்து அதிகாரி வெளியே வந்தார். வயதானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். சுவரில் இருந்த காலண்டரில் அவரும் எண்ணினார்.

"வாங்கிய நாளைச் சேர்க்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"நாள் எண்ணுகிற பழைய சட்டத்தில் இருக்கிறது, ஐயா. வெள்ளைக்காரன் எழுதியது. அவன் போய்விட்டான், சட்டம் இங்கேதான் இருக்கிறது."

அதிகாரி அக்காவை மேலும் கீழும் பார்த்தார். லுங்கியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இன்றைய தேதி முத்திரை போட்டு வாங்கிக்கொள். காலம் கடந்ததா இல்லையா என்பதைத் தீர்ப்பில் சொல்கிறேன்" என்று கவுண்டர்ப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். மணி நாலு இருபத்தைந்து. முத்திரை விழுந்த சத்தத்தில் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி தீர்ப்பில் இருந்தது.

பத்து நாள் கழித்து விசாரணை. அக்கா ஒரு தட்டில் வெள்ளைத் துணி மூடி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே அன்று காலை நான் தேய்த்த ஈர அப்பளம் பன்னிரண்டு.

"மழையில் அப்பளம் காயாது என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று அதிகாரி கேட்டார். அவரும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"இதோ இருக்கிறது. உங்கள் ஜன்னலில் வைக்கிறேன். ஆபீஸ் மூடுவதற்குள் காய்ந்துவிட்டால் முழு வரியையும் கட்டச் சொல்கிறேன்" என்றார் அக்கா. என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.

அன்று அந்த ஆபீஸில் வேறு வேலையே நடக்கவில்லை. ஆளாளுக்கு எழுந்து வந்து அப்பளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் இன்னும் ஈரம் என்றார், ஒருவர் ஓரம் காய்கிறது என்றார், ஓரம் என்றவரை அக்கா முறைத்தார். குமாஸ்தா ஒருவர், ஃபேனுக்கு அடியில் வைத்தால் காயுமே என்று புத்திசாலித்தனமாக யோசனை சொன்னார். அதிகாரியும் அதுதானே என்றார். தட்டை ஃபேனுக்கு அடியில் வைத்தார்கள். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். கால் மணி நேரம் ஃபேன் சுற்றியிருக்கும், கரண்ட் போய்விட்டது. அந்த நாளில் யாங்கூனில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா அதிகாரியைப் பார்த்து, "இதையும் தீர்ப்பில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா" என்றார். முதலில் கவுண்டர்ப் பெண் சிரித்தாள். பிறகு அந்த மூக்குக்கண்ணாடி மனுஷரும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார்.

மூன்று நாள் அந்தத் தட்டை அங்கேயே வைத்திருந்தார்களாம். நாலாம் நாள் அப்பளம் பச்சை பிடித்து நாறிப்போய்த் தூக்கி எறிந்தார்கள் என்று அந்தப் பெண்ணே எங்களிடம் சொன்னாள்.

தீர்ப்பு புரட்டாசியில் வந்தது. அக்கா போய் வாங்கினார். நான், எங்கள் வீட்டுக்காரர், நாலு பெண்கள் எல்லோரும் ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடையில் குட்டை நாற்காலிகளில் காத்திருந்தோம். மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா வந்து உட்கார்ந்து, பர்மியத்தில் ஒரு வரி படித்து, அதைத் தமிழில் சொல்லி, அடுத்த வரிக்குப் போனார். மூன்றாவது வரியில் நின்றார்.

"மேல்முறையீடு உரிய காலத்துக்குள் கொடுக்கப்பட்டது என்று ஏற்றுக்கொள்கிறேன்."

அதைத் தமிழில் சொன்னவர் மறுபடி பர்மியத்தில் படித்தார். மறுபடி தமிழில் சொன்னார். மூன்றாம் தடவையும் படிக்க ஆரம்பித்தார்.

"அக்கா, வரி என்னாச்சுன்னு சொல்லுங்க" என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"இருடி" என்றார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தீர்ப்புப் படித்தவர், ஜெயித்தாலும் தோற்றாலும் முகம் மாறாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா துணிக்கடை வெச்சிருந்தாரு" என்றார். "இதே மாதிரி ஒரு வரி போட்டான். அப்பாவும் எண்ணிப் பாத்தாரு. வாங்கின நாளச் சேத்து எண்ணிட்டாரு. நாள் போயிடுச்சேன்னு அப்பீலே போடாம ஒக்காந்துட்டாரு. கடை போச்சு. நான் பெரியவளாயி அந்தக் கடுதாசிய எடுத்து எண்ணிப் பாத்தேன். அவரு ஒக்காந்து அழுதாரே, அன்னிக்குத்தான் கடைசி நாளு. அன்னிக்கு முழுக்க ஆபீஸ் தொறந்துதான் இருந்துச்சு."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து, அத்தனை பேர் பார்க்க, அக்காவின் காலைத் தொட்டார். "அட, எந்திரி தம்பி, டீ ஆறுது" என்று அவர் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அக்கா மீதியைப் படித்தார். மழை மாதங்கள் முழுவதும் தள்ளுபடி. வெயில் மாதங்களுக்கு மட்டும் வரி, அதுவும் நாங்கள் எழுதிக் கொடுத்த கணக்குப்படி. எங்களால் கட்ட முடிகிற வரி. உரலை விற்க வேண்டாம். பாயை விற்க வேண்டாம்.

மா ஏவுக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்தே அவள் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். அக்கா தங்கை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். முத்தம்மா மட்டும் இன்னும் பயம் தெளியாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நாங்க நாளைக்கு அப்பளம் போட வரலாமாக்கா?"

அக்கா தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். மழை வலுத்திருந்தது.

"நாளைக்கு வந்து என்னத்தடி போடப் போற? இந்த மழையில அப்பளம் காயாதுன்னுதானே நான் ஏழு பக்கம் எழுதிக் குடுத்து ஜெயிச்சிருக்கேன். ஐப்பசி முடியட்டும், வா."